மூன்றாம் நம்பரின் வாடை

பேரிங் மூடியைத் திறந்த முதல் நாள், காலையில் தின்ற பரோட்டா முழுவதும் என் பூட்ஸின் மேலேயே வந்து விழுந்தது.

தங்கப்பழம் அண்ணாச்சி கையில் கிரீஸ் கன்னுடன் ஒதுங்கி நின்றார். அந்த பம்ப் ஹவுஸில் அவர்தான் மூத்த ஃபிட்டர், திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். புதிதாக வருகிறவர்கள் வாந்தி எடுப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருப்பார் போல.

"வடிகால் அந்தப் பக்கம் இருக்கு. அடுத்த தடவ அங்கன போயி எடு," என்றார்.

"என்ன அண்ணாச்சி இது. உள்ள எதுவும் செத்துக் கெடக்கா?"

"செத்தா இந்த வாடை வராதுல. உயிரோட இருக்கப் போயிதான் வருது."

அது கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை. ஒரு பக்கம் பாலைவனம், ஒரு பக்கம் கடல். பம்பு ஒவ்வொன்றும் மினி லாரி அளவு இருக்கும். பம்பின் தண்டு இரண்டு முனையிலும் பேரிங்கில் உட்கார்ந்து சுற்றும். வளையத்துக்குள் உருளும் எஃகுக் குண்டுகள்தான் பேரிங். குண்டுகளுக்கு நடுவே கிரீஸ் காய்ந்துவிட்டால் அவை தேயும், சூடாகும், அலறும், கடைசியில் தண்டு இறுகி நின்றுவிடும். அதிகமானாலும் ஆபத்துதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைத்தால் குண்டுகள் கிரீஸைக் கடைந்து கடைந்தே கொதித்துப் போகும். இதெல்லாம் கோவில்பட்டியில் நூற்பாலை ஃபிட்டராக இருந்தபோதே எனக்குத் தெரியும். கிரீஸ் மூச்சுவிடும் என்பது மட்டும் தெரியாது.

மூடிக்குள் பார்த்தேன். ஆறிப்போன ஆட்டுக்கறிக் குழம்பின் மேல் உறையும் கொழுப்பைப் போல ஒன்று, பழுப்பாக, மெல்லிய நரம்பு நரம்பாக ஓடி, குண்டுகளைப் பற்றிக்கொண்டிருந்தது. பம்பு நின்றிருந்தது. ஆனாலும் அது லேசாக ஏறி இறங்கியது. ஒரு குமிழ் உடைந்தது. மறுபடியும் வடிகாலுக்கு ஓடினேன்.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி விளக்கினார். "முன்னல்லாம் பெட்ரோல் எண்ணெயில செஞ்ச கிரீஸ்தான் இங்கயும். குடிதண்ணில கலக்குன்னு சட்டம் போட்டு நிப்பாட்டிட்டாவ. பொறவு எவனோ இந்தப் பூச்சியக் கண்டுபுடிச்சான். கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயத் தின்னுட்டு கிரீஸ் கக்கும். குண்டு தேஞ்ச எடத்துல தானே போயி ஒட்டி அடைச்சுக்கிடும். நான் வந்ததுல இருந்து ஒரு பேரிங் மாத்துனது கிடையாது, கேட்டியா."

"என்ன எண்ணெயத் திங்குது?"

அவர் திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார். முதுகில் தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை ஒரு ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ கசிந்திருந்தது.

"மனுசன் தோல்ல ஊறுத எண்ணெய். ஆட்டுக் கொழுப்பு, கோழிக் கொழுப்பு எல்லாம் வச்சுப் பாத்தாவளாம். தொட மாட்டேன்னுட்டு. ஒரு பம்புக்கு ஒரு ஆளுதான். ரெண்டு பேரு எண்ணெய் கலந்தா திரிஞ்ச பாலு மாதிரி தண்ணியா ஓடிரும். நாளையில இருந்து உனக்கும் பட்டை. மூணாம் நம்பர் ஒன்னோடது."

அப்படித்தான் என் வேலை தொடங்கியது. வேலை நேரம் முழுக்க முதுகில் பட்டை. முடிந்ததும் அதைக் கழற்றி ஒரு சின்ன அழுத்துக் கருவியில் வைத்துப் பிழிய வேண்டும். என் முதுகின் வியர்வையும் எண்ணெயும் சொட்டுச் சொட்டாகக் குப்பியில் விழும். அதை, தனியாக வளர்த்து வைத்திருக்கும் கிரீஸோடு சேர்த்து கன்னில் நிரப்ப வேண்டும். கிரீஸ் போகும் முனைக்கு நிப்பிள் என்று பெயர். முதலில் சுத்தமான துணியால் நிப்பிளைத் துடைக்க வேண்டும். கீழே வடிதுளையின் அடைப்பைத் திறக்க வேண்டும். பிறகு கன்னைப் பொருத்தி மெதுவாக அழுத்தினால் புதியது உள்ளே போகப் போகப் பழையது கீழே வழிந்து தகரத்தில் விழும். விழுந்ததும் உடனே சாகாது. தகரத்துக்குள் கொஞ்ச நேரம் நெளிந்துகொண்டிருக்கும். அதைக் கரண்டியால் வழித்து அடுப்பில் எரிக்க வேண்டும். எரியும்போது வருகிற நெடி என் தலைமுடியில் ஏறி, சோற்றில் ஏறி, பல் தேய்த்தாலும் நாக்கின் அடியில் நிற்கும். என்னை நானே தின்கிறேன் என்று தோன்றும். முதல் சில வாரங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தயிர்ச்சோறு மட்டும் விழுங்கினேன்.

எதற்காகப் பொறுத்தேன் என்றால், பொங்கலுக்கு லீவு என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணமாகித் தாலி பிரித்துக் கோர்ப்பதற்குள் விமானம் ஏறியவன் நான். செண்பகவல்லி என் அம்மாவோடு இருந்தாள். அவளிடம் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மதிய இடைவேளையில் ஃபோன் பேசுவோம்.

"அங்க என்ன வேலைன்னு எங்க அம்மா கேக்கா. என்ன சொல்லட்டும்?"

"ஃபிட்டர்னு சொல்லு."

"முதுகுல பட்டையக் கட்டி மாடு மாதிரி கறக்காங்கன்னு சொல்லவா?"

"முதுகுல கறக்குற மாட்ட நீ எங்க கண்ட?"

"நம்மூர்ல இல்ல. ஃபாரின்ல ஒண்ணு நிக்கி. பொங்கலுக்கு அவுத்து விடுவாங்களாம்."

"அவுத்து விட்டா வந்து முட்டும், பாத்துக்க."

"வரட்டும் வரட்டும். கயிறு இங்க இருக்கு," என்றாள்.

ஒருநாள் வேடிக்கையாக, உன் சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பு, போர்த்திக்கொள்ள வேண்டும் என்றேன். உங்களுக்கு வெக்கமே கிடையாதா என்று திட்டிவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்குள் வாடை குறைந்திருந்தது. எந்த நாளில் என்று சொல்லத் தெரியவில்லை. மூடியைத் திறந்தேன், குமட்டவில்லை. அடுத்த வாரம் எதுவுமே தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள், வேலை முடிந்த பிறகும் மூன்றாம் நம்பரின் மூடியருகே முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அண்ணாச்சி தோளைத் தட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. நெய் உருக்கும் வீட்டைத் தாண்டிப் போகிறவன் நின்றுவிடுவதைப் போல நின்றிருந்தேன்.

"பழகிட்டு," என்றார் அவர். சிரிக்கவில்லை.

பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் லீவு முடிந்து வந்தபோது செண்பகம் அனுப்பிய பார்சலைக் கொண்டுவந்தான். கருவாட்டுத் தொக்கு, பருப்புப்பொடி, சேவு, அடியில் பாலித்தீன் பையில் ஒரு சேலை. பார்சல் வந்ததும் அவளே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"துவைக்காம வச்சிருக்கேன். நீங்க கேட்டீங்கன்னுதான். யாருட்டயும் காட்டிறாதீங்க."

அறையில் யாரும் இல்லாதபோது பையைப் பிரித்தேன். பிரித்த கையோடு குளியலறைக்கு ஓடினேன்.

தொக்கு கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். தொக்கைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து மறுபடி சேலையை எடுத்தேன். நாற்றம் சேலையிலிருந்துதான் வந்தது. பெண்டாட்டியைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் நாள்பட்ட புண்ணில் கட்டி அவிழ்த்த துணி போல இருந்தது. கை கூசியது. பையை இறுகக் கட்டி பால்கனியில் வைத்தேன். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்புறம் அவளிடம் நன்றாக மணக்கிறது என்று பொய் சொன்னேன். அவள் சிரித்தாள். அவளுக்கு ஏதேனும் நோயோ, சொல்லாமல் மறைக்கிறாளோ என்று கண்டதையும் நினைத்துக் குழம்பினேன்.

அண்ணாச்சியும் நானும் ஒரே அறை. குப்பைக் கூடையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "தொக்கா, துணியா?"

"ரெண்டும்தான் அண்ணாச்சி. வழியில கெட்டுப் போச்சு போல."

"இருக்கும்," என்றார். அவர் போன வருஷம் இரண்டு மாத லீவில் போய் ஒரே வாரத்தில் திரும்பி வந்தவர். ஊரில் ஒரே மழை என்று சொன்னாராம். அவர் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

ஆயுதபூஜை வந்தது. எந்த நாட்டில் இருந்தாலும் நம் ஆட்கள் மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் விடுவதில்லை. மஞ்சள், சந்தனம், குங்குமம், பொரிகடலை, எலுமிச்சம்பழம் எல்லாம் ஒரு கடையில் கிடைத்தன. அண்ணாச்சி குளித்துவிட்டு வந்து மோட்டாருக்கு வைத்தார், வால்வுக்கு வைத்தார், கிரீஸ் கன்னுக்கு வைத்தார். அரைத்த மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, ஒவ்வொரு நிப்பிளின் தலையிலும் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தார்.

"வாயி இதுதான. இதுக்கு வைக்காம எதுக்கு வைக்க?"

நான்தான் சூடம் காட்டினேன். பம்புகள் உறுமிக்கொண்டிருந்தன. சூடத்தின் மணம் எனக்குப் பிடிக்கவில்லை.

பூஜைக்குப் பிறகு முதலில் கிரீஸ் போடும் முறை மூன்றாம் நம்பருக்குத்தான். துணியோடு போய் அதன் முன்னால் உட்கார்ந்தேன். காய்ந்து வெடித்த மஞ்சளும் குங்குமமும் நிப்பிளில் ஒட்டியிருந்தன. துடைக்கப் போனேன்.

"ஏல, ஏல. பொட்ட அழிக்காத," என்றார் அண்ணாச்சி, அடுத்த பம்பிலிருந்து.

"தொடைச்சுட்டுத்தான அண்ணாச்சி போடணும்?"

"தூசின்னா தொடை. நல்ல நாளும் அதுவுமா வச்ச பொட்டு. நீ கல்யாணமானவன். தானா உதிரட்டும்."

துடைக்காமல் கன்னை வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். ஆனால் வைத்த பொட்டை என் கையால் அழிக்க எனக்கும் மனம் வரவில்லை. செண்பகத்தின் நெற்றிதான் நினைவுக்கு வந்தது. பொட்டின் மேலேயே கன்னைப் பொருத்தி அழுத்தினேன். மஞ்சள் நொறுங்கி கிரீஸோடு உள்ளே போயிற்று. வடிதுளை வழியாகப் பழையது வழக்கம்போல நெளிந்து விழுந்தது.

அந்த வாரம் எனக்குச் சளி பிடித்தது. பூஜையில் மிஞ்சிய மஞ்சள் கொம்பு ஒன்று இருந்தது. வீட்டில் செய்வதுபோல அதை விளக்கில் சுட்டு, கருகி வந்த புகையை இரண்டு மூக்கிலும் ஆழமாக இழுத்தேன். கண்ணில் நீர் கொட்டியது. மறுநாளும் செய்தேன். மூக்கு அடைப்பு விட்டது.

அடுத்த நாள் காலையில் கண் விழித்தபோது அறையில் பிணம் கிடப்பதாக நினைத்தேன்.

முதல் நாள் மூடியைத் திறந்தபோது வந்த அதே வாடை. அறை முழுக்க நின்றது. தலையணையில் இருந்தது. தண்ணீர்ச் செம்பில் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் தூங்கிய அண்ணாச்சியிடமிருந்து அலை அலையாக வந்தது. மூக்கைப் பொத்திக்கொள்ளக் கையைக் கொண்டுபோனேன். கையிலும் அதுதான். சட்டையைக் கழற்றினேன். என் அக்குளும் கழுத்தும் முதுகும், தகரத்தில் நெளிகிற அதேதான். நான் அவ்வளவு நாளும் இதோடு சாப்பிட்டேன், இதோடு தூங்கினேன், இதை முகர்ந்துகொண்டு நின்றேன்.

பால்கனிக்கு ஓடி வாந்தி எடுத்தேன். காலில் அந்தப் பாலித்தீன் பை தட்டியது. ஏன் பிரித்தேன் என்று தெரியாது. பிரித்தேன்.

ரின் சோப்பு, கொஞ்சம் அடுப்புப் புகை, கொஞ்சம் வியர்வை. செண்பகம். வேறொன்றும் இல்லை. அதை முகத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். நாறியது அவள் இல்லை.

அப்போதுதான் ஆலையில் சங்கு ஒலித்தது. மூன்றாம் நம்பர் பம்பு அலறி, புகைந்து, நின்றுபோயிருந்தது.

பராமரிப்பு இன்ஜினியர் பூங்கொடி மேடம், கோயம்புத்தூர்க்காரர், எப்போதும் முகத்தில் தடித்த மாஸ்க் போட்டிருப்பவர். வெள்ளைத் தாள் விரித்து பேரிங்கைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே எதுவும் நெளியவில்லை. சாம்பல் நிறத்தில் கழுநீர் போல ஒழுகியது. குண்டுகள் நீலம் பாரித்துத் தேய்ந்திருந்தன. இடுக்கியால் ஒரு துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"மஞ்சளுங்களா இது?"

நான் தலையாட்டினேன்.

"நிப்பிளத் தொடைக்கலீங்களா?"

"பொட்டு வச்சிருந்தோம் மேடம்."

அவர் துணுக்கைத் தாளின் ஓரத்தில் வைத்தார். "எங்க வீட்லயும் அழிக்க மாட்டாங்க," என்றார் பிறகு. "இது கிருமி பாருங்க. மஞ்சள் பட்டா செத்துப் போயிருது."

"மேடம், என் மூக்குலயும் மஞ்சள் புகை போச்சு. இன்னைக்குக் காலையில இருந்து எனக்கு எல்லாமே நாறுது. நானே நாறுறேன். முந்தி என் பெண்டாட்டி சேலை நாறுச்சு, இப்ப நாறல."

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். "உக்காருங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மன்னிச்சுக்கோங்க."

மாஸ்க் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அது பேரிங்குல மட்டும் இல்லீங்க. உங்க தோல்மேல இருக்குது, மூக்குக்குள்ள இருக்குது. அதுக்கு உங்க எண்ணெய் வேணும். நீங்க விட்டுட்டுப் போனா அது செத்துரும். அதனால தன்னோட வாடைய உங்களுக்கு நல்லதாக் காட்டுது. மத்த மனுசங்க வாடையக் கெட்டதாக் காட்டுது. ஆய்வுக்கூடத்துல யாரும் அப்படிச் செய்யலீங்க. வந்த எடத்துல அதுவா கத்துக்கிச்சு."

"உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?"

"ரொம்ப நாளாத் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டுமா எங்கள வச்சிருக்கீங்க?"

"ஊருக்கெல்லாம் தண்ணி போகோணுமுங்க," என்றார் அவர். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்ப மஞ்சள்ல போயிருச்சுல்ல. எனக்குச் சரியாயிட்டுல்ல?"

"மேல இருக்கறது செத்துது. உள்ள, ஆழத்துல இருக்கறதுக்குப் புகை எட்டாது. ஒரு வாரத்துல வளந்துருமுங்க."

"பட்டையக் கழட்டிட்டு ஊருக்குப் போயிட்டா?"

"எண்ணெய்ப் பட்டையும் இல்லாம, இந்த வாடை பக்கத்துலயே இல்லாம இருந்தா மெல்ல மெல்லச் சாகோணும். ஆறு மாசமோ, ஒரு வருசமோ. போனவங்க எல்லாரும் அதுக்குள்ள இங்கயே திரும்பி வந்துர்றாங்க. அதான் உறுதியாச் சொல்ல முடியலீங்க."

வெளியே வந்தபோது அண்ணாச்சி சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். அவர் வாடை என்னைத் தாக்கியது. நான் பின்வாங்கியதை அவர் பார்த்தார்.

"மழைன்னு சொன்னேன்லா," என்றார். "மழையும் இல்ல, மண்ணும் இல்ல. எம் மவ கல்யாணச் சேலையக் கட்டிக் காட்ட ஓடி வந்தா. 'எப்பிடிப்பா இருக்கு'ன்னு பக்கத்துல வந்தா. அவ மூஞ்சிக்கு நேரே வாந்தி எடுத்துட்டேன்ல. மாப்பிள்ள வீட்டுக்காரன் எல்லாம் உக்காந்திருக்கான். ஆளுக்கு ஒண்ணு சொன்னாவ. குடிச்சிருக்கான்னாவ, சீக்குன்னாவ. மாடியில போயிப் படுத்தேன். எம் பொண்டாட்டி சோறு கொண்டு வருவா. படியில கால் சத்தம் கேக்கும் முன்னயே எனக்கு வாடை வந்துரும். அவளும் துண்ட மூக்குல வச்சுக்கிட்டுத்தான் வருவா. இங்க வந்து ஒண்ணாம் நம்பரத் தொறந்த பொறவுதான் மூச்சு வந்துச்சு."

"எங்கிட்ட ஏன் அண்ணாச்சி மொதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பட்டையக் கட்டியிருப்பியா? நான் ஒருத்தனா எப்பிடில இங்க கெடக்க?"

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. தொட அருவருப்பாக இருந்ததால் அடிக்கவில்லை.

மறுநாள் வேலையை விடுகிறேன் என்று மேடத்திடம் சொன்னேன். புதிய ஆள் வந்து, மூன்றாம் நம்பரில் அவன் கிரீஸ் உயிர்பிடிக்கும்வரை நான் இருக்க வேண்டும் என்றார். பொங்கலுக்குள் முடிந்துவிடும். ஒப்புக்கொண்டேன். அவர் தயங்கிவிட்டு ஒரு சின்ன டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"விட்டுட்டுப் போறதுக்கு முன்னால இதையும் கேட்டுக்கோங்க. களிம்புங்க. உங்க மேல இருந்து எடுத்து வளத்ததுதான். ரெண்டு எண்ணெய் கலந்தா ஒரு நாளுக்கு மேல தாங்காது, அதனால உங்க மிசஸ் கழுத்துல தெனமும் தடவோணும், அப்ப அவங்க உங்களுக்கு நாற மாட்டாங்க. நீங்களும் அவங்களுக்கு நாற மாட்டீங்க. இந்த வருசத்துல இருந்துதான் சில குடும்பங்களுக்குக் குடுக்கறோம்."

"மத்தவங்க?"

"எந்த மத்தவங்க?"

"அவ அம்மா. எங்க அம்மா. நாளைக்கு ஒரு பிள்ளை பெத்தா அந்தப் பிள்ளை."

"பிள்ளைக்கும் தடவலாமுங்க," என்றார் மேடம், மிக மெதுவாக.

டப்பாவைத் தொடாமல் எழுந்து வந்தேன். என் முதுகில் பிழிந்ததை என் பெண்டாட்டி கழுத்தில் பூசுவதை நினைத்தபோது, அன்று தின்றது எதுவும் தங்கவில்லை.

அன்று மதியம் செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேலை நாறியதையும் சொன்னேன். மறைத்து என்ன பயன்.

"நான் நாறுதேனா?"

"நீ இல்ல செண்பகம். என் மூக்கு."

"நல்லா மணக்குன்னு சொன்னீங்கள்ல. நான் அத எங்க அக்காட்ட வரைக்கும் சொல்லிட்டேன்."

"பொய் சொன்னேன்."

"இப்ப வந்தா என்னப் பாத்து வாந்தி எடுப்பீங்களா?"

"கொஞ்ச நாள் தள்ளி இருக்கேன். ஊருக்கு வெளிய சும்மா கெடக்க தீப்பெட்டி ஆபீஸ் குடோன்ல படுத்துக்கிடுதேன். அது செத்ததும் வந்துருதேன். ஆறு மாசம், கூடிப்போனா ஒரு வருசம்."

"ஊரு என்ன சொல்லும்? ஃபாரின்ல இருந்து வந்தவன் பொண்டாட்டிகிட்ட அண்டாம குடோன்ல கெடக்கான்னா, கொற யாருகிட்டன்னு பேசுவாங்க?"

களிம்பைப் பற்றியும், வேண்டாம் என்று சொல்லிவிட்டதைப் பற்றியும் சொன்னேன்.

"யாரக் கேட்டு வேண்டாம்னீங்க?"

"அது என்னன்னு உனக்குத் தெரியாது. அதப் பாத்தா..."

"சரி விடுங்க. மொதல்ல வந்து சேருங்க," என்று வைத்துவிட்டாள்.

மேடம் சொன்னது போலவே வாரம் முடிவதற்குள் எல்லாம் தலைகீழாயிற்று. ஒருநாள் காலையில் அறை மணத்தது. சேலை மறுபடியும் நாறியது. இந்த முறை அதைப் பையில் கட்டி வெளியே வைக்கவில்லை. பெட்டியில் வைத்தேன். நாறுகிறது என்று மூக்கு சொன்னாலும், பொய் சொல்கிறது என்று எனக்குத் தெரியும் அல்லவா. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச நாட்களைத் தள்ளினேன். பட்டை கட்டுவதை நிறுத்தினேன். புதிதாக வந்த பையன் மூன்றாம் நம்பரைத் திறந்து வடிகாலுக்கு ஓடினான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டான். மறுநாள் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

விமானத்தில் தொடங்கிய சோதனை, மதுரையில் இறங்கி பஸ் ஏறியதும் இன்னும் கூடியது. பொங்கல் கூட்டம். ஒவ்வொரு உடம்பும் அழுகியது போலிருந்தது. பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்தாள். குழந்தை என் விரலைப் பிடித்தது. நான் கையை உதறி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டேன். அவளும் என்னிடமிருந்து விலகிக் குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு, முந்தானையால் மூக்கை மூடினாள். கோவில்பட்டிவரை நாங்கள் அப்படியே வந்தோம்.

வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. உள்ளே போகாமல், தூரத்தில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு குடோனுக்குப் போய்விடுவதென்று வழியெல்லாம் தீர்மானித்து வந்திருந்தேன். செண்பகம் வாசலுக்கு வந்துவிட்டாள். நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். நிற்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அடக்க முடியும்.

மூச்சை இழுத்தேன். மணத்தது.

அப்படியொரு மணம். நெஞ்சு நிறைந்து, கண் கலங்கி, அவள் தோளில் முகத்தை வைத்துவிட்டேன். செத்துவிட்டது, பூச்சி வழியிலேயே செத்துவிட்டது, தப்பித்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம்தான் மூக்கு அதை அடையாளம் கண்டது. மூடியைத் திறந்ததும் வருகிற மணம். மூன்றாம் நம்பர்.

அவள் கழுத்துப் பக்கம் தோலில் பளபளவென்று எண்ணெய் கோத்திருந்தது.

"எப்ப இருந்து?" என்றேன்.

"நீங்க ஃபோன்ல சொன்ன மறுநாளே ஒரு மேடம் பேசுனாங்க. கோயம்புத்தூர்ப் பேச்சு. மறுவாரம் பார்சல் வந்துட்டு. மொதல்ல நானும் குடலு வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தேன். அத்தை வேற, முழுகாம இருக்கியான்னு கேட்டு என்னக் கொன்னு எடுத்துட்டாங்க. தோலுக்குப் போடுத மருந்துன்னு சொன்ன பொறவுதான் வாடையப் பொறுத்துக்கிட்டாங்க." சிரித்தாள். பிறகு என் சட்டையில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தாள். "இப்பப் பாருங்க. ஊர்லயே நீங்க ஒரு ஆளுதான் மணக்கீங்க."

"இந்த வாடை பக்கத்துல இல்லன்னாதான் எனக்குச் சரியாகும், செண்பகம்."

"எதுக்குச் சரியாகணும்?" என்றாள். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

அவளை விட்டு விலக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கை விலகவில்லை.

"வந்துட்டியாய்யா," என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கேட்டது. செம்பில் தண்ணீரோடு வேகமாக வந்தாள். பொங்கலுக்கு எடுத்த புதுச்சேலை. என்னைப் பார்த்த சந்தோஷத்தில் படியில் தண்ணீர் தளும்பியது. பக்கத்தில் வந்து என் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள்.

நானும் செண்பகமும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். செண்பகத்தைப் பார்த்தாள். செம்பைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய், தன் முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.